ஒரு குடம் நேரம்

எங்கள் தெருக்குழாயில் இப்போதெல்லாம் தண்ணீர் வருவதில்லை. நேரம்தான் வருகிறது. வீட்டுக்கு ஒரு குடம். அதையும் இன்றோடு நிறுத்துகிறார்கள்.

மூன்றாம் மாடியில் இருக்கும் திலகவதி அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமையே நேரம் தீர்ந்துவிட்டது. "டேய் பூபதி, உங்கிட்ட ஒண்ணு" என்று வாயைத் திறந்தவள், ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அம்மா போனதிலிருந்து எனக்குச் சோறு போட்டவள். என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கமே இல்லை. இந்தக் குடம் அவளுக்குத்தான். சாமி படத்தின் முன் சத்தியம் செய்துவிட்டுப் படியேறினேன்.

முதல் திருப்பத்தில் சற்குணம் சார் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"சார், அக்காவுக்குக் கொண்டு போறேன்."

"ஒரே ஒரு நிமிஷம்தானேப்பா. உன் சொத்தையா கேட்டேன்?"

மொண்டுகொண்டார். தெரு நாய்கள் முன்போல் இல்லை என்று அந்த நிமிஷத்தை வைத்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். எனக்கு வாய்த்த தலை அப்படி.

படிகள் கூடிவிட்டன. இரண்டாம் மாடிக்கு என் ஆபீஸ் வந்திருந்தது. மேனேஜர் பக்கெட்டை நீட்டினார்.

"மீட்டிங். ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம்."

அடுத்த மீட்டிங் எப்போது என்று பேசினோம். பக்கெட் நிறைந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது குடத்தின் அடியில் ஒரு வாய்தான் மிச்சம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தர முடியாதுன்னு சொல்ல வாயில்லையா உனக்கு?" என்று குடத்தைத் திட்டினேன்.

இருந்ததை அக்காவின் உச்சந்தலையில் ஊற்றினேன். அக்கா கண்ணைச் சிமிட்டினாள். கரண்டி அசைந்தது. ஐயோ, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டேய் பூபதி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

இடுப்பில் குடம் நழுவியது.

"ஒரு நிமிஷம்க்கா. குடத்தை வெச்சிட்டு வந்துடறேன்."

நான் கேட்டு அக்கா எதையும் இல்லையென்று சொன்னதே கிடையாது. இருந்த அந்த நிமிஷத்தையும் கொடுத்துவிட்டாள்.

குடத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. கரண்டி நுனியில் ஒரு சொட்டு ரசம் விழாமல் நின்றது. அதன் கீழே கையை ஏந்திக்கொண்டு நிற்கிறேன்.