மாப்பிள்ளைக்கு மூச்சு கொடுத்தவர்

"மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறிய பிழை. கடைசி ஆளுக்கு முன்பே ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. பொம்மையின் வாயை வெறும் துணியால் துடைத்தேன். சாரிடம் சொல்லவில்லை. வகுப்பு முடியும் நேரம் என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாமா, தெரியவில்லை."

டைரியில் எழுதி முடித்ததும் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஒரு தவறை எழுதி வைத்துவிட்டால் பாதி தீர்ந்தது என்று அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு.

பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். வாரத்தில் இரண்டு மாலை, பள்ளிக்கூட மாடியறையில் முதலுதவி வகுப்பு. ஆம்புலன்சில் வேலை பார்க்கும் சார் ஒருவர் நடத்துகிறார். இடுப்புவரை மட்டும் உள்ள ரப்பர் பொம்மை ஒன்று தரையில் கிடக்கும். நின்றுபோன மூச்சை வாயோடு வாய் வைத்து ஊதித் திருப்புவதை அதில்தான் பழக வேண்டும்; சரியாக ஊதினால் அதன் நெஞ்சு ஏறும். ஒருவர் ஊதியதும் அதன் வாயைத் துடைத்து, காயவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுவது அவள் பொறுப்பு. இந்தப் பெண் ஒழுங்காகச் செய்வாள் என்று சார் தாமாகவே கொடுத்த வேலை.

பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் ஹாரன். பஸ் டிரைவர்; அவருடைய பெரிய தொண்டையைப் பார்த்து டிப்போவில் வைத்த பெயர்தான் ஹாரன். "இத்தனை பேரு மூச்சு முட்ட உபசாரம் பண்றோம், மாப்பிள்ளை அசையுறாரா பாரு. பெரிய இடம்போல" என்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். சான்றிதழ் இருந்தால் வெளியூர் வண்டி கிடைக்கும் என்பதற்காகப் படிக்க வந்தவர். செவ்வாய்க்கிழமை கடைசியாக ஊதியவரும் அவர்தான். அவருக்கு முன் ஊதியவள் வகுப்பிலிருந்த தையல்காரி ஒருத்தி.

வியாழக்கிழமை வகுப்புக்குத் தையல்காரி வரவில்லை, ஹாரனும் வரவில்லை. சாரோடு சுகாதார நிலையத்து நர்ஸ் நின்றிருந்தார்.

"உங்க கூடப் படிக்கிற தையல்காரப் பொண்ணுக்கு மூளைக்காய்ச்சல். மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வுல கிருமி பிடிச்சிருக்கு. நேத்து காலையில காய்ச்சல், தலைவலி. மத்தியானம் கழுத்தைக் குனிய முடியல, வெளிச்சத்தைப் பார்த்தா கண்ணு கூசுது. அவ அண்ணன் கொஞ்சமும் தாமதிக்காம தூக்கிட்டு வந்துட்டார். வந்த உடனே மருந்து ஏத்தியாச்சு. இன்னைக்குக் கண்ணு முழிச்சு, தண்ணி கேட்டா."

அறை மூச்சுவிட்டது. ஒரே அறையில் உட்கார்ந்திருந்ததால் மட்டும் ஒட்டிக்கொள்ளாது என்றார் நர்ஸ். ஒரே வீட்டில் இருப்பவர்கள், எச்சில் பட்டவர்கள், இவர்களுக்குத்தான் முன்கூட்டியே மாத்திரை. வீட்டாருக்குக் கொடுத்தாயிற்று. "இங்க யாராவது அவ குடிச்ச தண்ணியைக் குடிச்சீங்களா?"

"பொம்மையில ஊதினோம். ஆனா ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறோம்" என்றார் சார். நம்பிக்கையோடு அவள் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார்.

நடந்தது தனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று ஒரு நொடி தன்னையே சந்தேகித்தாள். நினைவிருந்தது.

"கடைசி ஆளுக்கு அப்படித் துடைக்கல சார். ஸ்பிரிட் இல்ல. வெறும் துணிதான்."

சார் முகம் சுண்டிப்போனது. "பாட்டிலை நான்ல பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

"கடைசி ஆள் யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டார். "வெளியில வந்தா அந்தக் கிருமி ரொம்ப நேரம் தாங்காது. ஆனா ஈரம் காயறதுக்குள்ள அடுத்தவர் வாய் வச்சிருந்தா, ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன்."

ஹாரனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். நர்ஸும் அவளும் டிப்போவுக்குப் போனார்கள். அவர் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் விஷயத்தையும் மாத்திரையைப் பற்றியும் சொன்னார். ஹாரனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.

"நான் ஊதவே இல்லையேம்மா" என்றார் ஹாரன், குரலைத் தணித்து. "ஈரமா இருந்துச்சு. குமட்டிக்கிட்டு வந்துச்சு. சும்மா குனிஞ்சு சத்தம் மட்டும் குடுத்தேன்."

"மாப்பிள்ளை நெஞ்சு ஏறுச்சேண்ணே?" என்றாள் அவள்.

"ஏறுச்சு ஏறுச்சுன்னு கத்தினது நான்தானே."

அவள் யோசித்தாள். அவருடைய தோள் மறைத்துக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறியதை அவள் பார்க்கவில்லை.

"அப்ப மாத்திரை எதுக்கு?" என்றார் ஹாரன். "ரெண்டு நாளைக்குச் சிறுநீர் ஆரஞ்சுக் கலர்ல போகும்ங்கிறீங்க. இங்க எல்லாருக்கும் ஒரே கழிப்பறை. மூளைக்காய்ச்சல்னு எவனாவது ஒருத்தன் காதுல விழுந்தா போதும், என் பக்கத்துல ஈ காக்கா அண்டாது."

"டிப்போவுல யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். வேலைக்கும் போகலாம்" என்றார் நர்ஸ். "ஆனா பிடிக்கலைன்னா வற்புறுத்தவும் முடியாது."

ஹாரன் துணியை உதறி மடித்தார். இப்படியே விட்டுவிடலாமே என்று அவளுக்கும் தோன்றியது. அவர் ஊதவில்லை என்றால் அவள் தவறும் தவறில்லை. அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"அண்ணே, நீங்க சொல்றது நிஜமா இருக்கட்டும்னுதான் எனக்கு ஆசை. நிஜமா இருந்தா நான் தப்பிச்சேன். அதனாலதான் என்னால நம்ப முடியல. நான் சரியாத் துடைக்காத வாயில நீங்க குனிஞ்சீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பக்கத்து வண்டியைக் கழுவிய தண்ணீர் அவர்கள் காலடியில் ஓடியது. ஹாரன் ஒதுங்கிக்கூட நிற்கவில்லை.

"ஒரு தடவை ஊதினேன்" என்றார் கடைசியில். "முதல் மூச்சு. வாயெல்லாம் ஈரம் பட்டுச்சு. ரெண்டாவதுதான் சும்மா சத்தம்."

நர்ஸ் மாத்திரையை நீட்டினார். ஹாரன் தன் பாட்டில் தண்ணீரில் அதை விழுங்கினார்.

"அண்ணிக்கு?" என்று அவள் நர்ஸைக் கேட்டாள்.

"இவருக்கு நோய் வரலையே. வீட்டுல யாருக்கும் வேண்டாம். நாலு வேளை, விடாம முழுங்கணும், அவ்வளவுதான். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே ஓடி வரணும்."

"நீ சொல்லாம இருந்திருந்தா ஒரு காக்கா குருவிக்குக்கூடத் தெரிஞ்சிருக்காதே தங்கச்சி" என்றார் ஹாரன்.

"தெரியும்ணே. ரெண்டு நாள் சொல்லாமத்தான் இருந்தேன்."

அவர் சிரித்தார். "காலையில மாத்திரையை மறந்துடுவேன். முதல் வண்டி என்னுது, கண்ணைத் திறக்கறதுக்குள்ள கிளம்பணும்."

அன்று அவள் எழுதியது: "மார்ச் 13, வியாழன். நெஞ்சு ஏறியதைப் பார்க்காமலே ஏறியதாக நம்பியிருக்கிறேன். முதல் வேளை போட்டாயிற்று. நாளை: முதல் வண்டி புறப்படும் முன் டிப்போவுக்குப் போய், அவர் இரண்டாவது மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்."