ஹேசலின் பின்னல்

கிளிஃபோர்ட் சக்டனின் சட்டையில் மூன்று பொத்தான்களைப் போட்டுவிட்டதால்தான் ஜெனீன் ஆக்ஸ்டபி அன்றைய தேர்வில் தோற்றாள்.

தேர்வு என்றால் தாளும் பேனாவும் இல்லை. பக்கவாதத்தில் வலது கை பலமிழந்த ஒருவர், காலையில் தானாக எவ்வளவு தூரம் உடுத்திக்கொள்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். கிளிஃபோர்ட் முதல் பொத்தானோடு பதினொரு நிமிடம் மல்லுக்கட்டினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ஜெனீனுக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடுங்கய்யா" என்று குனிந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் மூன்று பொத்தான்களும் ஏறிவிட்டன. மூலையில் நின்று தேர்வை மதிப்பிட்ட பெத்தன், நோட்டை மூடிவைத்தாள்.

ஜெனீனுக்கு நாற்பத்தாறு வயது. இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் பதினேழு வருடம் உதவியாளாக இருந்து, குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துப் பழகிய கைகள் அவளுடையவை. இப்போது, நோயாளிகளை அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆவதற்கான பயிற்சியில் இரண்டாம் வருடம். வாரத்தில் நான்கு நாள் வார்டில் வேலை, வியாழக்கிழமை பல்கலைக்கழகம். அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்த பெத்தன் பிரைஸுக்கு இருபத்தெட்டு வயதுதான்.

துணி அலமாரிகள் இருந்த அறைக்குள் கூட்டிப் போய் பெத்தன் கேட்டாள்: "அவர் உங்ககிட்ட உதவி கேட்டாரா?"

"கேக்கல. ஆனா நீ பாத்தேல்ல, எவ்வளவு கஷ்டப்பட்டார்னு?"

"பாத்தேன். வீட்ல நாளைக்கு யார் போட்டுவிடுவாங்க?"

ஜெனீன் அலமாரியில் கலைந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து மடித்துவைத்தாள்.

"உங்க மனசு நல்ல மனசு, ஜெனீன். அதுதான் அவர் கைய முந்திக்குது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

அன்று கார் நிறுத்துமிடத்தில், வண்டியைக் கிளப்பாமலே ஜெனீன் அழுதாள். பதினாறு வயதில் பள்ளியை விட்டவள், இந்த வயதில் எதற்கு இந்த ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கிளிஃபோர்டைப் பார்க்க அவர் மகள் ஹேசல் வந்தாள். முப்பத்து நான்கு வயது, டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அப்பா படுத்ததிலிருந்து அத்தை வீட்டில் இருந்தாள். இடுப்பு வரை இருந்த முடி சிக்குப் பிடித்துத் தொங்கியது. கிளிஃபோர்ட் அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேலைக்குப் போறியாம்மா?" என்று ஜெனீன் பேச்சுக் கொடுத்தாள். ஹேசல் ஒரு கஃபேயில் மேசை துடைத்துக் கோப்பை அடுக்கும் வேலை பார்த்தாள்.

"போகல. பின்னல் இல்ல."

"அத்தை பின்னிவிட மாட்டாங்களா?"

"அத்தைக்கு வராது. அப்பாதான் பின்னணும்." அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள்.

அவள் போனபின் கிளிஃபோர்ட் சொன்னார்: "இவளுக்கு ஒம்பது வயசுல இவ அம்மா போயிட்டா. கேரவன் வண்டி செய்யற ஃபேக்டரில வெல்டிங் பண்ண கை இது. எதிர்வீட்டுக்காரம்மாகிட்ட போய் நின்னு பின்னக் கத்துக்கிட்டேன். இருபத்தஞ்சு வருஷம், ஒரு நாள் தவறல." வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். "உங்க தாள்ல என்னமோ எழுதிருக்கீங்களே, டீ போடணும், படி ஏறணும்னு. அது கிடக்கட்டும். எனக்கு இது வேணும்."

ஜெனீன் நேராக பெத்தனிடம் போனாள். சிகிச்சை இலக்குகள் எழுதியிருந்த தாளில் முதல் வரியை அடித்துவிட்டு, 'மகளுக்குப் பின்னிவிடுவது' என்று எழுதினார்கள்.

மூன்று நிறத்தில் துணிக் கயிறுகளைக் கட்டிலின் கம்பியில் கட்டிப் பழக்கம் தொடங்கியது. வலது கையால் கிள்ள முடிந்தது, பிடித்து வைத்திருக்க முடியவில்லை. மூன்றாவது நாள் கயிறுகளை விசிறியடித்தார். "போதும், இது பொம்மை வேலை" என்றார். ஜெனீன் அவற்றைத் தரையிலிருந்து எடுத்து மறுபடியும் கட்டினாள். நான்காவது நாள் அவரே கேட்டு வாங்கினார்.

இரண்டு வாரம் கழித்து ஹேசலே வந்து நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்றுதான் ஜெனீனின் மறுதேர்வும். பெத்தன் கதவருகே நின்றாள்.

முடியை மூன்று காலாகப் பிரிப்பதற்கே வெகுநேரம் ஆனது. இரண்டு திருப்பு வந்தது. மூன்றாவதில் வலது கையில் இருந்த கால் நழுவிப் பிரிந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. அவர் மூச்சு சத்தமாகக் கேட்டது. ஜெனீன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒரு நொடி போதும், பிடித்துக் கொடுத்துவிடலாம். அவள் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்தது.

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றாள் ஹேசல்.

"நழுவுதும்மா. கை நிக்க மாட்டேங்குது."

"எது?"

"வலது பக்கத்துக் கால்."

ஹேசல் கையைப் பின்னால் வளைத்துத் தேடி, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். "புடிச்சிட்டேன். நீ மத்ததப் பாரு. இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

கிளிஃபோர்ட் சிரித்துவிட்டார். அழுகையும் கூட வந்தது. அவர் திருப்பச் சொல்லும்போது அவள் கொடுத்தாள், பிடிக்கச் சொல்லும்போது பிடித்தாள். நாற்பது நிமிடத்தில் பின்னல் முடிந்தது. ஹேசல் அதை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு."

"அவுத்துடவா?"

"தொடாத!"

வெளியே வந்ததும் பெத்தன் ஜெனீனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பாஸ்" என்றாள். "நானா இருந்தா எழுந்து போய்ப் பிடிச்சிருப்பேன். சத்தியமா."

கிளிஃபோர்ட் வீடு திரும்பிய ஆறாவது வாரம் ஜெனீன் பார்க்கப் போனாள். ஹேசல் கூடத்தில் நின்று, முடியைத் தோள் வழியாக முன்னால் போட்டு, தானே பின்னிக்கொண்டிருந்தாள். கிளிஃபோர்ட் பக்கத்தில் உட்கார்ந்து நுனியை மட்டும் பிடித்திருந்தார். முடிந்ததும் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு, பஸ் போயிடும்" என்று ஓடினாள்.

கிளிஃபோர்ட் ஜன்னலருகே போய் நின்றார். "பத்து வருஷம் முன்னாடியே கத்துக் குடுத்திருந்தா கத்துக்கிட்டிருப்பா" என்றார். "எனக்குத்தான் மனசு வரல. இப்போ அந்த நுனியக் கூட, நான் ஆசைப்படறேன்னுதான் குடுக்கறா."

ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று ஜெனீன் யோசித்தாள். அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போக நேரமாகியிருந்தும் அவர் பக்கத்தில் போய் நின்றாள். பஸ் வந்தது. ஹேசல் ஏறி, மேல்தளத்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து, இவர்கள் பக்கம் திரும்பாமலே போனாள்.