கூட்டுற பொண்ணு

நாற்பத்தேழு வயதில், தன்னில் பாதி வயதுப் பெண்ணிடம் நாய் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிவரும் என்று சைபுல்லா நினைத்ததே இல்லை. துபாயில் பதினெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பர். வேலை போய்க் கடலூர் திரும்பி, எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டு, கடைசியில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்தார். பெண்டாட்டியின் தம்பி ஜாபிரிடம் மட்டும், "ஒரு கிளினிக்க நான்தான் பாத்துக்கிறேன்" என்று போனில் அளந்துவிட்டிருந்தார். அளப்பதில் நம் ஆளுக்குக் குறைச்சலே கிடையாது.

வேலை சொல்லிக்கொடுத்தவள் இலக்கியா. டாக்டருக்கு அவள்தான் நான்கு வருஷமாக வலது கை. முதல் நாளே ஒரு நாய் சைபுல்லாவின் கையை நக்கிவிட்டது. மார்க்கப்படி, நாய் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. கிளினிக்கைச் சுற்றி எங்கும் சிமெண்ட் தரை. அவர் ரோட்டோரம் போய் மண் தேடியதை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் தன் ஊர் திருவதிகையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, ஒரு பெயிண்ட் டப்பா நிறைய சலித்த மண் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள்.

"எதுக்குன்னு நெட்டுல பாத்துக்கிட்டேண்ணே," என்றாள். சொந்தக்காரர்கள்கூட சைபுல்லாவுக்கு அப்படிப் பார்த்துச் செய்ததில்லை.

ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஜாபிர் சிதம்பரத்திலிருந்து பூனையோடு வந்து நின்றான். அதன் காதில் புண். தொட்டால் பிறாண்டியது. சைபுல்லா துண்டை விரித்துப் பின்னாலிருந்து போர்த்தி, தலை மட்டும் வெளியே தெரியும்படி சுருட்டித் தூக்கினார். இலக்கியா மூன்று வாரம் திட்டித் திட்டிப் பழக்கிய வித்தை. டாக்டர் மருந்து விட்டு உள்ளே போகும் வரை பூனை அசையவில்லை. ஜாபிர் அசந்துபோனான்.

"எங்க மச்சான் கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"நானா கத்துக்கிட்டதுதான்."

"அங்க நிக்கிற பொண்ணு யாரு?"

எனக்குச் சொல்லிக்கொடுத்த பொண்ணு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. கிளினிக்கையே கட்டி ஆள்கிறவர் அல்லவா.

"அது இங்க கூட்டுற பொண்ணு," என்றார்.

இலக்கியாவுக்கு அது கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஜாபிர் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வழிவிட்டான். சைபுல்லாவுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவன் போன பிறகு, "இலக்கியா, நான் வந்து..." என்று இழுத்தார்.

"வுடுங்கண்ணே. உங்க வூட்டு ஆளுங்க முன்னாடி உங்க மரியாத போயிடக்கூடாதுல்ல? வாங்க, ட்ரிப்ஸ் பாட்டிலு மாட்டுறது எப்படின்னு காட்டுறேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் அவருக்குச் சோறே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார்.

ஜாபிரின் செருப்புக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும், அவர்கள் முன்னாலேயே மானம் போகட்டும் என்று சைபுல்லா பேசினார்.

"ஜாபிர், நான் சொன்னது பொய். நான் அங்க எடுபிடிதான். அந்தப் பொண்ணு கூட்டுற பொண்ணு இல்ல. எனக்கு எல்லாத்தையும் கத்துக்குடுத்ததே அதுதான்."

ஜாபிர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"கேட்டீங்களா? ஒரு கூட்டுற பொண்ணுக்குப் பேரு வாங்கிக் குடுக்கணும்னு கடலூர்லேர்ந்து வந்துருக்காரு. இந்த மனசு யாருக்கு வரும்? அது கூட்டுனத நான்தான் கண்ணால பாத்தேனே மச்சான்."

சைபுல்லா மறுபடி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். ஒரு பெரியவர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். சொல்லச் சொல்ல சைபுல்லா நல்லவராகிக்கொண்டே போனார்.