ஓரகத்தியில் ஒரு ‘க்’ கூடுதல்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் மோப்பம் பிடிக்க வேண்டியிருக்காது.

என்னோடு எழுத வந்த ஒருவர் தன் புதிய புத்தகத்தின் அட்டையை ஃபேஸ்புக்கில் போட்டார். அட்டை, பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை. அவ்வளவுதான் படம். அதற்குக் குவிந்த இதயங்களைப் பார்த்து என் காதிலிருந்து புகை வந்தது. அன்றைக்கே என் பதிப்பாளர் அழைத்தார். “நீங்களும் ஏதாவது போடுங்க சார். இப்பல்லாம் எழுதினா மட்டும் பத்தாது.” நானும் போட்டேன். என் சித்தப்பா ‘வாழ்க’ என்றார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கடுப்போடு எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றியே எழுத வெட்கமாக இருந்ததால், ஒரு தையல் மெஷினைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, அதன்முன் ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். இனி பொறாமை அவளுடையது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘திரைச்சீலைகளுக்குப் பின்னால் எப்போதும் ஓர் உலகம் காத்திருக்—’

[முடிக்கப் போவதில்லை. இது அந்தக் காபிக் கோப்பைக்காரர் எழுதுகிற மாதிரி வாக்கியம்.]

இரண்டாவது: ‘பெரியவள் மேலே துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது, கீழே சின்னவள் ஃபோனிடம் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.’ இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

ஒரே வீடு. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். அண்ணன் மனைவியான பெரியவள் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து விற்கிறாள். தம்பி மனைவியான சின்னவள் சோப்பு செய்து விற்கிறாள். ஆக, இருவரும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி.*

பெரியவளின் கை சுத்தம். அவள் பிடிக்கிற மடிப்பில் ஒன்றுக்கொன்று நூலளவு பிசகு இருக்காது. சின்னவள் தொழில் தொடங்கியதே போன மழைக்காலத்தில்தான். ஆனால் இன்ஸ்டாவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தவள் சின்னவள். பெரியவளைத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவோடு சரி.

ஒருநாள் பெரியவளின் கணவன் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

“அவளுக்குச் சோப்பு காயவைக்க இடம் பத்தலையாம். உன் மெஷின் ரூம்ல ரெண்டு ரேக் போட்டுக்கட்டுமான்னு தம்பி கேக்குறான்.”

“அப்போ என் மெஷின்?”

“அதான் இப்ப ஆர்டர் ஒண்ணும் இல்லையே. மாசக் கடைசிவரைக்கும் பாப்போம். ஏதாவது வந்தா ரூம் உனக்கு. சும்மா கிடக்குற ரூம்தானே?”

சும்மா கிடக்கிற ரூம். பெரியவள் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள்.

* ஓர் அகத்தி. ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் என்று பொருள் பிரிக்கலாம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கதை இதில்தான் தடுக்கி விழப்போகிறது.

3

மறுநாளே பெரியவள் கண்ணில் பட்ட தளத்திலெல்லாம் கடை விரித்தாள்.

ஃபேஸ்புக்கில் உறவுக்காரர்கள் வந்து ‘அருமை’ என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். அவர்கள் யார் வீட்டிலும் ஜன்னல் கிடையாது போலிருக்கிறது. யூடியூபில் ஜன்னலை எப்படி அளப்பது என்று நீளமாகப் பேசினாள். அந்த வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்ட ஒரே ஆள் அவள் கணவன், அதுவும் நடுவில் தூங்கிப்போனதால். வாட்ஸப் ஸ்டேட்டஸில் தைத்ததையெல்லாம் போட்டாள். யார் பார்த்தார்கள் என்று திறந்தால், எப்போது திறந்தாலும் சின்னவள் பெயர் இருக்கும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்க்காதவர்களை மன்னித்துவிடலாம், பார்த்துவிட்டு வாய் திறக்காதவர்களை என்ன செய்வது?

இன்ஸ்டாவில் கடைக்கென்று ஒரு பக்கம் திறந்து, முகப்புப் படமாக அளவு டேப்பை வைத்தாள். திரைச்சீலை நெட்டுக்குத்தலானது, ரீல்ஸும் நெட்டுக்குத்தலானது. இரண்டுக்கும் பத்துப் பொருத்தமும் உண்டு. பெரியவளோ ஃபோனைப் படுக்கவைத்தே எடுத்தாள்.

[இங்கே ஒரு குட்டிக் கட்டுரை எழுத ஆசைப்பட்டேன். திரைச்சீலை வாங்குகிறவர்கள் புதிதாக வீடு மாறுகிறவர்கள். அவர்கள் கூடுகிற குடியிருப்பு வாட்ஸப் குழுக்களில் போய் நின்றாலே போதும், எல்லாத் தளத்திலும் அலைய வேண்டாம் என்று. பெரியவளுக்கு உபயோகப்பட்டிருக்கும். ஆனால் அவளுக்கு உபயோகமாக எழுதினால் எனக்குக் கதை கிடைக்காது.]

அதே ஃபோனில் இன்னொரு கணக்கும் திறந்தாள். அதற்குப் படம் ஒரு ரோஜாப்பூ, பெயரும் அதேதான். சின்னவளின் வீடியோக்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதற்கு மட்டும் அது.

4

ரோஜாப்பூவாக இருந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

எந்த வீடியோவை எடுத்தாலும் சோப்புக்குப் பின்னால் ஒரு மஞ்சள் திரைச்சீலை. வெயில் அதில் வடிகட்டி இறங்கி, அழுக்கு மேசையைக்கூட அழகாக்கியது. சின்னவள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் பெரியவள் தைத்துக் கொடுத்த பரிசு அது. ‘இவங்க என் வெளிச்சத்துக்குத்தானே லைக் போடுறாங்க?’ என்று நினைத்தாள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சின்னவளுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தாள். ரோஜாப்பூ கேட்டது: ‘பின்னாடி இருக்குற கர்ட்டன் அழகா இருக்கு. யார் தைச்சது?’

துணியில் கத்தரி வைக்கவும் மனமில்லாமல், ஃபோனை மெஷின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் மதியம் பதில் வந்தது.

‘எங்க ஓரக்கத்தி தைச்சது. ரொம்ப ஷார்ப்.’

கீழே விழுந்து விழுந்து சிரிக்கிற முகங்கள். வரிசையாகக் கத்திப் படங்கள். ‘எங்க வீட்லயும் ஒரு கத்தி இருக்கு, தினமும் சாணை பிடிக்குது’ என்று யாரோ ஒருத்தி.

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் தானாக எழுதியது. ‘அந்தக் கத்தி தைச்சுக் கொடுத்த கர்ட்டன் இல்லன்னா உன் சோப்பை எவன் பாப்பான்? வாசனையெல்லாம் சோப்புலதான். மனசு பூரா நாத்தம்.’

அனுப்பிவிட்டாள். நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் கவனித்தாள், எழுதியதற்குப் பக்கத்தில் ரோஜாப்பூவைக் காணோம். அங்கே அளவு டேப் சுருண்டு கிடந்தது. அவசரத்தில் கணக்கை மாற்ற மறந்து, கடைப் பெயரிலேயே எழுதிவிட்டிருக்கிறாள்.

5

[பெரியவள் இதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டாளா என்று எனக்கு இந்த இடத்தில் சந்தேகம். ஓரகத்தியை ஓரக்கத்தி என்று வேண்டுமென்றே எழுதுகிற அளவுக்குச் சின்னவளுக்கு நக்கல் உண்டா? அவளை நான் அப்படிப் படைக்கவில்லையே. பெரியவள் விசாரிக்கட்டும்.]

அவசரமாகச் சின்னவளின் பழைய பதிவுகளைப் புரட்டினாள். ‘சுத்தமான தேங்காய் என்னை சேர்த்தது’ என்று ஒன்றில் இருந்தது. இன்னொன்றில், ‘இரவில் என்னை தேய்த்து ஊறவிடவும்.’ சோப்புக்குக் கையை அரிக்கிற காஸ்டிக் சோடா கலக்குகிறவள், முழங்கைவரை ரப்பர் உறை மாட்டியிருப்பாள். விரலால் எழுத முடியாது. ஃபோனைப் பார்த்துப் பேசுவாள், ஃபோன் தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளும். எண்ணெயை ‘என்னை’ ஆக்கிய ஃபோன், ஓரகத்திக்கும் ஒரு ‘க்’ வைத்துவிட்டது.

அப்படியானால் சின்னவள் எழுதியது பாராட்டு. அத்தனை பேர் பார்க்க, என் ஓரகத்தி தைத்தது, கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கிறாள்.

இதோடு பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. இத்தனை காலம் தைத்துத் தைத்து விரல் காய்த்தது. அப்போதெல்லாம் வராத பெயர், அவள் ஒரு வரி சொன்னதும் வந்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

எப்படியானாலும் தான் எழுதியதை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துக் கடைப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது.

‘அந்த ஓரக்கத்தி நீங்கதானா? செம சண்டை! எங்க ஹால் ஜன்னலுக்கு அதே மஞ்சள் வேணும். அளவெடுக்க வருவீங்களா?’

பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் மற்றொன்று. எல்லோரும் அந்த நாத்தம் பிடித்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கடைக்கு வருகிறார்கள். அழித்தால் வழி அடைபட்டுவிடும், மெஷின் ரூமில் சோப்பு காயும். விட்டுவைத்தால் சின்னவள் பார்ப்பாள்.

[வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு இங்கே கை ஓடவில்லை. நான் கற்பனை செய்த பெண், அவளுக்கு ஆர்டர் வருகிறது! என் புத்தகம் வேண்டுமென்று ஒரு ஜீவன் இன்றுவரை செய்தி அனுப்பியதில்லை. இவளை நான் சும்மா விடப்போவதில்லை.]

6

ஆகவே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது.

சின்னவள் வந்து நின்றாள். ரப்பர் உறை போட்ட கைகள் இரண்டையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடி ஆவியடித்து வெளுத்துப்போயிருந்தது.

“அக்கா, யாரோ என் வீடியோவுக்குக் கீழ கண்டபடி எழுதியிருக்காங்களாம். என் தங்கச்சி இப்பதான் ப்ளூடூத்ல கூப்பிட்டுச் சொன்னா. யாருன்னு கேக்குறதுக்குள்ள கட் ஆயிருச்சு. கையெல்லாம் காஸ்டிக், கண்ணு வேற தெரியல. ஏப்ரன் பாக்கெட்ல ஃபோன் இருக்கு, எடுத்துக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

பெரியவள் இல்லாத எதையோ படிக்கிறாள், ‘விலை ஜாஸ்தின்னு எவனோ திட்டுறான்’ என்று. சின்னவள் சிரித்துக்கொண்டு இறங்கிப் போகிறாள். ஆனால் கண்ணாடியைக் கழற்றுகிற நேரம் ஒன்று வருமே.

அல்லது, சின்னவளின் ஃபோனிலிருந்தே அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, ‘ஒண்ணும் இல்லையே’ என்கிறாள். ரேக் மேலே ஏறுகிறது. நல்லவளாகிவிட்டாள், தையல்காரியாக இல்லாமல்.

அல்லது உள்ளதை உள்ளபடி படிக்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அந்த ரூமைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்— [வேண்டாம். இதற்கு இதயம் குவியும். அதனாலேயே வேண்டாம்.]

பெரியவள் பாக்கெட்டில் கைவிட்டு ஃபோனை எடுத்தாள். சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மேல நான் உங்களைப் பத்திப் போட்டிருப்பேன் பாருங்கக்கா. யாரோ கேட்டாங்க, யார் தைச்சதுன்னு. உங்க ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் பாத்துட்டு, எனக்கு இப்படி வராதேன்னு பொறாமையில ஒரு வார்த்தை சொன்னதில்ல உங்ககிட்ட. சரி, ஊருக்காவது சொல்லுவோம்னு போட்டேன். அதுக்குக் கீழதான் இருக்காம்.”

பெரியவள் அந்த வரிவரை விரலை நகர்த்தினாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பொறாமைக்காரன் எழுதுகிற எந்த முடிவையும் நீங்கள் நம்பவும் கூடாது.

எழுதுவது வரைக்கும்தான் என் வேலை. படிக்கிறவர் நீங்கள். இந்தாருங்கள், ஃபோனைப் பிடியுங்கள். அளவு டேப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த வரி. சின்னவளின் வெளுத்த கண்ணாடி உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

“என்னக்கா, என்னதான் எழுதியிருக்கு?”