தமிழில் படித்துக் காட்டப்பட்டது

விருதுநகரில் வக்கீல் லட்சுமிகாந்தத்தின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வேல்விழியின் இங்கிலீஷுக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தாயில்பட்டிப் பெண். அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிப் படிக்க வைக்க, மகள் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்தவள். துண்டு துண்டாக வாக்கியம் எழுதினால் மேலிடத்தில் மதிக்க மாட்டார்கள் என்பது வக்கீலின் கட்சி. அவர் நாலு துண்டாகச் சொல்வதை வேல்விழி ஒரே வாக்கியமாகக் கோத்துக் கொடுப்பாள். இன் விச், பை ஹூம், டு ஹூம் எல்லாம் அதனதன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கல்லூரியில் இதே விச்சும் ஹூமும் அவளைப் படாத பாடு படுத்தியவைதான். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது. பக்கத்து ஆபீஸ் வக்கீல்கள்கூடக் காகிதத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கர்வம் இருக்குமா, இருக்காதா? இருந்தது.

அதிலும் அவளுக்கு ரொம்பப் பிடித்தது கடைசி வரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கிற வாக்குமூலம் ஒவ்வொன்றிலும் அது வரும். இதன் விவரம் எனக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தேன் என்கிற வரி. இங்கிலீஷில் அதை 'தி கன்டென்ட்ஸ் ஆஃப் விச்' என்று எடுத்தால் அப்படி ஒரு கம்பீரம் வந்துவிடும். படித்துக் காட்டுகிறார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஆபீசில் யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டி அவள் பார்த்ததே இல்லை. மை டப்பாவைத் திறப்பார்கள், கட்டைவிரலைப் பிடித்து அமுக்குவார்கள், துடைக்கத் துணி கொடுப்பார்கள். ஆள் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். அதுதான் வழக்கம். வேல்விழியும் அதில் குறை ஒன்றும் கண்டதில்லை.

அந்த மாதம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது. ஒரு அறை இருந்த இடம் தெரியவில்லை. உள்ளே இருந்த சண்முகத்தாய், பாண்டிலட்சுமி என்ற இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். காரியம் முடிந்த கையோடு கம்பெனி மேனேஜர் அருள்பாண்டி வக்கீலைப் பார்க்க வந்தார். செத்தவர்களின் வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அதை எழுதித் தர வேண்டும் என்றார்.

வக்கீல் சொல்லச் சொல்ல வேல்விழி குறித்துக்கொண்டாள். சண்முகத்தாய் ஒரு அறையில் இருந்தார். அந்த அறையில் முந்தின நாள் மிச்ச வெடிமருந்து இருந்தது. அதைக் கலந்து வைத்தது அவர்தான். வைக்கக் கூடாது என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. நாலு துண்டு. வேல்விழி குனிந்த தலை நிமிராமல் நாலையும் ஒன்றாக்கினாள். எந்த அறையில் என்பதற்கு ஒரு இன் விச், யாரால் என்பதற்கு ஒரு பை ஹூம், யாரிடம் என்பதற்கு ஒரு டு ஹூம். ஒரு கமாவை எடுத்தாள், வேறோர் இடத்தில் போட்டாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வாக்கியம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வக்கீல் வாசித்துவிட்டு, காலேஜில் பாடம் எடுக்க வேண்டியவள் நீ என்றார். பாண்டிலட்சுமிக்கும் அதே வாக்கியம்தான். பெயரை மட்டும் மாற்றினாள்.

பாண்டிலட்சுமியின் வீட்டுக்காரன் பலவேசம் மறுநாளே வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கடுத்த நாள் காலையில் அருள்பாண்டி சோணைமுத்துவைக் கூட்டிவந்தார். அவர்தான் சண்முகத்தாயின் வீட்டுக்காரர், அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வேல்விழி காகிதத்தை மேசையில் விரித்து, அவர் விரலில் மையைத் தடவினாள். விரல் காகிதத்துக்கு மேலே வந்து அப்படியே நின்றது.

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லு தாயி," என்றார் சோணைமுத்து. "ரேசன் கார்டத் தவிர அவ பேர எங்கனயும் எழுதிப் பாத்ததில்ல. அம்புட்டு நீளமா அவளப் பத்தி எழுதியிருக்குல்லா. கேட்டுட்டு வச்சிருதேன்."

எல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அருள்பாண்டி அவசரப்படுத்தினார். வேல்விழிக்கோ உள்ளூர ஒரு குளிர்ச்சி. இத்தனை நாளில் தன் எழுத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதல் வரியில் சிக்கல் இல்லை. சோணைமுத்துவாகிய நான், சண்முகத்தாயின் கணவன். அவர் தலையாட்டினார். அடுத்தது அந்த நீள வாக்கியம். இங்கிலீஷில் அது அறையில் தொடங்கி, மருந்துக்கு வந்து, யார் செய்தது என்பதை ஒரு பை ஹூமுக்குப் பின்னால் சொல்லும். தமிழில் அப்படி நழுவ முடியவில்லை. ஆளை முதலில் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. வேல்விழி ஆளைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"என் சம்சாரம் சண்முகத்தாய், சொல்லியும் கேக்காம, தானே கலந்து வச்ச மருந்து..."

சொன்னது அவள் வாய்தான். கேட்டதும் அவள் காதுதான். கலந்து வச்ச. யார்? சண்முகத்தாயா?  அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் மருந்து கலக்குவது ஆம்பளைகள் வேலை. விடிகாலையில் கலந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திரி வெட்டுகிற பெண்களை அந்த அறை வாசலில் நிற்கக்கூட விட மாட்டார்கள். தலை நரைக்கும் வரை திரி வெட்டிய அவள் அம்மா, கலவை அறை உள்ளே எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் அறிய மாட்டாள். தாயில்பட்டியில் சோற்றுக்கு அழுகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அது தெரிந்த பெண்தான் இதை எழுதியிருக்கிறாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்து ரசித்து எழுதியிருக்கிறாள். அட பாவி மகளே! 

சோணைமுத்து காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.  

"அவளா? மருந்தா? அவ திரி வெட்டுறவல்லா," என்றவர் அருள்பாண்டியின் பக்கம் திரும்பினார். "நீங்கதான அன்னைக்கு ரெண்டு பேரையும் அந்த அறைக்கு அனுப்புனீக. சீசன் ஆர்டரு நிக்குது, கலவைக்கு ஆளு வரல, மிச்ச மருந்தக் கொண்டாந்து வெடிக் குழாய்ல செலுத்துங்கன்னு நீங்கதான சொன்னீக."

அருள்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இது சும்மா ஒரு ஃபாரம், கோர்ட்டு இங்கிலீஷில் எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவார்கள், தமிழில் சொல்லும்போது விகாரமாகத் தெரியும், அதற்கு அர்த்தமே வேறு என்றார். சொல்லிவிட்டு வேல்விழியைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. இங்கிலீஷ்ல அப்படித்தான வரும்?"

இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த விரல் இறங்கிவிடும், அத்தோடு சண்முகத்தாய்தான் தன்னையும் கூட இருந்தவளையும் கொன்றவள் என்று ஆகிவிடும். சொன்னது அவள் புருஷன் என்றும் ஆகிவிடும். இல்லை என்று சொன்னால் வேல்விழிக்கு நாளைக்கு வேலை இல்லை.

"இல்லண்ணே," என்றாள் வேல்விழி, சோணைமுத்துவைப் பார்த்து. "இங்கிலீஷ்லயும் இதேதான் இருக்கு."

"யாரு எழுதுனது?"

"நாந்தாண்ணே."

சோணைமுத்து அதை எதிர்பார்க்கவில்லை. அடி விழுந்த மாதிரி அவளைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டார். அதையும் சொன்னாள்.  சோணைமுத்து, அருள்பாண்டி நீட்டிய துணியை வாங்காமல், மை விரலைத் தன் வேட்டியிலேயே அழுத்தித் துடைத்தார். இரண்டு மூன்று தரம் துடைத்தார். வாசல் வரை போனவர் நின்றார்.

"அப்ப பலவேசம்? அவனும் வச்சிட்டானே. அவன்ட்ட யாரும் வாசிச்சுக் காட்டுனீகளா?"

வேல்விழி திரும்பிப் பார்த்தாள். மேசைத் தட்டில் பலவேசத்தின் காகிதம் கிடந்தது. அடியில் அவன் கட்டைவிரல் ரேகை, அதற்கு நேர் மேலே அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி. தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது. பிசகே இல்லாத இங்கிலீஷ்.

அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அருள்பாண்டி குறுக்கே வந்து, வக்கீலுக்குப் போன் போட்டுவிடுவேன் என்றார். போடுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"நானும் வாறேண்ணே," என்றாள் சோணைமுத்துவிடம். "பலவேசண்ணன் வீட்டக் காட்டுங்க. வாசிச்சுக் காட்டணும்."