தட்டினால் விட வேண்டும்

கழுத்துப் பூட்டில் வலி இருக்காது என்பதுதான் பூட்டு கற்ற முதல் நாளே சாமியுவைப் பயமுறுத்தியது.

மூச்சுக்குழாயை அமுக்கினால் வலிக்கும், இருமல் வரும், ஆள் திமிறுவான். ஜூடோவில் ஒழுங்காகப் போடும் பூட்டு மூச்சுக்குழாயைத் தொடுவதே இல்லை. பின்னாலிருந்து கையை வளைத்து, முழங்கையின் மடிப்பு தாடைக்கு நேர் கீழே வருமாறு வைத்தால், கழுத்தின் ஒரு பக்கத்தை மேல்கையும் மறுபக்கத்தை முன்கையும் அமுக்கும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்த இரண்டு பக்கங்களிலும்தான் ஓடுகின்றன. இரண்டும் அடைபட்டால் எட்டு நொடி, சிலருக்குப் பத்து. காதில் ஓர் இரைச்சல், பார்வையின் ஓரங்களில் கறுப்பு, பிறகு தூக்கம். உடனே விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் தட்டு என்று ஒன்று இருக்கிறது. பூட்டில் மாட்டியவர் எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை தட்டுவார். தட்டு விழுந்த அதே நொடி பிடியை விட வேண்டும். இந்தக் கலையில் ஒருவர் தன் கழுத்தை இன்னொருவர் கையில் கொடுப்பதே அந்தத் தட்டை நம்பித்தான்.

சாமியுவின் இடது முன்கையில், முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை, சுண்டுவிரல் பக்கம் முழுக்க உணர்ச்சி கிடையாது. இடது கையால் பூட்டுப் போட்டால், மாட்டியவரின் கை தட்டுவதற்கென்று போய் விழும் இடமும் அதுதான். இது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஓமரு ஊருக்கு வடக்கே இருக்கும் இறைச்சி ஆலையில் ஆட்டுத் தோள்பட்டையிலிருந்து எலும்பு பிரிக்கும் மேசையில் அவனுக்கு வேலை. போன நவம்பரில் எலும்பில் சறுக்கிய கத்தி, இரும்பு வலைக் கையுறை முடியும் இடத்தைத் தாண்டி மேலே ஏறி, முழங்கைக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. தோல் ஆறு வாரத்தில் ஒட்டிக்கொண்டது. நரம்பு அப்படி ஒட்டாது, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். சில சமயம் வழி தவறி நின்றுவிடும்.

திரும்ப வேலைக்கு எடுப்பதற்கு முன் ஆலையின் மருத்துவ அறையில் கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார்கள். அந்த நர்ஸ் ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போனாள். மேலே உணர்ச்சி இருந்த இடத்தில் இரண்டு மூன்று தடவை தொட்டதுமே சாமியு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு எதுவும் தெரியாத இடத்திலும் தாளம் தவறாமல் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் விசாவில் எலும்பு பிரிக்கும் வேலை என்று எழுதியிருந்தது. மேசையை விட்டு இறக்கினால் அந்தத் தாளுக்கு அர்த்தம் இல்லை. ஆகஸ்டில் அதைப் புதுப்பிக்க வேண்டும். மனைவி லேசியெலியும் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தாளில்தான் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவளிடமும் அவன் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த இடத்தைத் தானே தொட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டான். குளிக்கும்போதுகூட அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் சோப்புப் போட்டான்.

ஜூடோவுக்கு வந்ததும் அந்தப் பொய்யால்தான். மேசையின் மேற்பார்வையாளர் நெவில், சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட ஹாலில் ஜூடோ சொல்லிக்கொடுப்பவர். வேலையில் அவர் அடிக்கடி சாமியுவின் இடது கையையே பார்ப்பார். ஒருநாள் டீ நேரத்தில், தோங்காத் தீவுக்காரர்களுக்கு ரக்பி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட மட்டும்தான் தெரியுமா, விழவும் தெரியுமா என்று சீண்டினார். மேசை முழுக்கச் சிரித்தது. மாட்டேன் என்றால் கையைப் பற்றிக் கேள்வி வரும் என்று தோன்றியதால், வருகிறேன் என்றான்.

முதல் இரண்டு மாதம் விழக் கற்றுக்கொள்வதுதான். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு உடையும். அதற்குப் பதில் தோளிலிருந்து உள்ளங்கை வரை முழுக் கையும் ஒரே நேரத்தில் பாயில் அறைய வேண்டும். விழுந்த வேகம் அத்தனை நீளத்துக்கும் பரவிவிடும், எந்த ஒரு எலும்பும் அதைத் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. வலது பக்கம் விழுந்தால் கை சுரீரென்று எரியும். இடது பக்கம் விழுந்தால் சத்தம் மட்டும் கேட்கும், பக்கத்தில் யாரோ விழுந்ததுபோல. பூட்டுகள் ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் வலது கையாலேயே போட்டான்.

அவனுக்கு ஜோடி ஷோனா. ஐம்பத்தாறு வயது, பால் டேங்கர் ஓட்டுகிறவள், அவனில் பாதி எடை. வாய் ஓயாது. வேறு ஜோடி மாற வழியில்லாமல் போனதற்குக் காரணம் டோக்கிலுபே.

டோக்கிலுபே அவனுடைய பெரியப்பா மகள். தோங்கா வழக்கத்தில் அது கூடப்பிறந்த அக்காதான். வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே சோபாவில் உட்காரமாட்டார்கள், ஒருவர் முன் இன்னொருவர் கேலி பேசமாட்டார்கள், தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கா சொன்னால் தம்பி கேட்க வேண்டும், அவள் இடம் மேலே. முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் வேலை பார்க்கும் அவள், இடுப்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஹாலுக்குள் வந்தாள். பாயின் நடுவில் ஷோனாவை அணைத்துப் பிடித்திருந்த தம்பியைப் பார்த்தாள். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். கடைசியில் அவள் ஷோனாவிடம் சொல்லியனுப்பினாள், தான் அந்தக் கோடிப் பாயில் இருந்துகொள்வதாகவும் தம்பி போக வேண்டாமென்றும்.

"என்ன, வீட்ல சண்டையா?" என்று ஷோனா கேட்டாள்.

"சண்டை இல்ல. மரியாதை."

"நல்லாருக்கே. என் அண்ணனுக்கும் யாராவது சொல்லிக்குடுங்க. கிறிஸ்துமஸுக்கு வந்தா என் சோபாவுலதான் தூங்குறான்."

அன்றிலிருந்து ஹாலின் ஒரு கோடியில் அவள், மறுகோடியில் அவன். நடுவில் எட்டுப் பாய். ஜோடி மாறினால் என்றாவது அக்காவின் முன்னால் போய் நிற்க நேரும் என்று அவன் ஷோனாவோடேயே இருந்துவிட்டான்.

ஜூன் மாதம், இந்த நாட்டில் குளிர்காலம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. நெவில் எல்லாரையும் உட்காரவைத்து, அடுத்த மாதம் பெல்ட் தேர்வு, பூட்டு இரண்டு கையாலும் வர வேண்டும் என்றார். பிறகு சாமியுவிடம் வந்து நின்றார்.

"உன் இடது கை எங்கப்பா? இந்தப் பாயில இதுவரைக்கும் அதை நான் பார்த்ததே இல்ல."

சாமியு சிரித்து வைத்தான். ஷோனா அவன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் காதில் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஷோனாவிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் பால் பண்ணை பண்ணையாகப் போய்ச் சேரும். வாயைத் திறக்காமல் ஒரு கணக்குப் போட்டான். தட்டு கையில் தெரியாது. ஆனால் ஜூடோச் சட்டைத் துணி தடிமன், அதன் மேல் தட்டினால் சத்தம் வரும். காதைத் தீட்டிக்கொண்டால் போதும். நான்கு எண்ணுவதற்குள் தானாகவே விட்டுவிடலாம்.

இடது கையை அவள் கழுத்தைச் சுற்றி வளைத்தான். லேசாக, முட்டையைப் பிடிப்பதுபோல.

"என்னய்யா இது, சர்ச்சுல கட்டிப்பிடிக்கிற மாதிரி பிடிக்கிற?" என்றாள் ஷோனா.

"பூட்டு," என்றார் நெவில், தலைக்கு மேலிருந்து. "பாதிப் பூட்டுதான் ஆபத்து. தொண்டையில ஏறிடும். முழுசா மூடு."

அவர் சொல்வது சரி. தளர்ந்த கை நழுவி மூச்சுக்குழாய் மேல் போய் உட்காரும். சாமியு தன் இடது கையை வலது கையின் மடிப்பில் செருகி மூடினான். நெவில் முனகிவிட்டு, அடுத்த ஜோடியின் பக்கம் திரும்பினார்.

ஒன்று.

அவள் முடி ஷாம்பு வாசனை அடித்தது. காதைக் கூர்மையாக்கினான். சுவரில் ஹீட்டர் இரைந்தது.

இரண்டு. பக்கத்துப் பாயில் இரண்டு பேர் சேர்ந்து விழுந்தார்கள். இடி மாதிரிச் சத்தம், பலகைத் தரை முழுக்க அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குள் வேறு சத்தம் ஏதாவது இருந்ததா? இல்லை என்று நினைத்தான்.

மூன்று. ஷோனா கனமானாள். பூட்டிலிருந்து தப்ப அதுவும் ஒரு வழி. உடம்பைத் தொளதொளவென்று விட்டு, கீழே வழுக்கி வெளியேறுவார்கள். போன வாரம்தான் நெவில் கற்றுக்கொடுத்திருந்தார். அவளுக்கு அது வரக்கூடாது என்று அனிச்சையாக இன்னும் இறுக்கினான். எண்ணுவது எங்கே நின்றது என்று மறந்துபோனது.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடுத்தது காதின் மேல்.

"விடுடா. அவ தட்டிட்டா. விடு."

தோங்கா மொழியில் வந்த குரல். அவன் கைகள் தானாகத் திறந்தன. எட்டுப் பாயைத் தாண்டி ஓடிவந்திருந்த டோக்கிலுபே அவன் முகத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

ஷோனா அவன் மடியில் சரிந்தாள். கண் பாதி திறந்திருந்தது, அதற்குள் வெள்ளை மட்டும். தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம். அவள் வலது கையின் விரல்கள் பாயில் துள்ளிக்கொண்டிருந்தன, இன்னும் தட்டுவதுபோல.

டோக்கிலுபே அவளைப் பக்கவாட்டில் புரட்டித் தாடையை உயர்த்திப் பிடித்தாள். நெவில் ஓடிவந்து ஷோனாவின் நாடித்துடிப்பைப் பார்த்தார். சாமியுவுக்கு அந்த நொடிகள் நகரவே இல்லை. எத்தனை நேரம் இறுக்கினோம்? நாலா? பன்னிரண்டா? கடவுளே, எத்தனை? தன் இடது கையைப் பார்த்தான். சாதாரணமாக, எதுவுமே செய்யாததுபோல் மடியில் கிடந்தது.

ஷோனா இருமினாள். கண்ணின் கறுப்பு கீழே இறங்கி வந்தது. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"டேங்கரை யாரு எடுத்தது?" என்றாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள், நிம்மதியில். நெவில் சிரிக்கவில்லை. அவளைப் பெயர் சொல்லவைத்தார், கிழமை கேட்டார், விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். இன்றே மருத்துவமனையில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், டேங்கரைத் தொடக்கூடாது என்றார். அதற்குப் பிறகுதான் சாமியுவிடம் திரும்பினார்.

"தட்டுனது தெரியலையா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஷோனாவே முந்திக்கொண்டாள். தான்தான் மெதுவாகத் தட்டியதாகவும், பக்கத்தில் அந்தத் தடியர்கள் விழுந்த சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்றும் சொன்னாள். அவள் குரல் கரகரத்தது. யாரோ கொடுத்த தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தாள்.

தப்பிக்கக் கதவு திறந்திருந்தது. ஆமாம், சத்தம், மன்னிச்சிடு ஷோனா என்று சொன்னால் போதும். நெவில் நம்பிவிடுவார். ஆகஸ்டு வரும், விசா வரும். அடுத்த சனிக்கிழமை இன்னொரு கழுத்து வரும்.

டோக்கிலுபே இரண்டு அடி தள்ளி நின்றாள். தம்பியை அடித்த கையைத் தன் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் எதுவும் சொல்லப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் செய்யக்கூடாததை ஏற்கெனவே செய்துவிட்டாள், இத்தனை பேர் பார்க்க.

சாமியு சட்டையின் இடது கையைச் சுருட்டினான்.

"இங்க எனக்கு எதுவும் தெரியாது," என்றான். "நவம்பர்லேருந்தே தெரியாது. நர்ஸ்கிட்ட பொய் சொன்னேன்."

நெவில் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். பிறகு சட்டையில் குத்தியிருந்த கிளப் பேட்ஜின் ஊசியைக் கழற்றினார். கண்ணை மூடு என்றார். சாமியு மூடிக்கொண்டான். இருட்டில் அவன் முழுக் கவனத்தோடு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. நெவிலின் மூச்சு மட்டும் கேட்டது. மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்திருப்பாரா, நடுவிலா? எங்கேயாவது ஒரு புள்ளியில் சுருக்கென்று வரும் என்று காத்திருந்தான். கடைசியில், முழங்கைக்குக் கிட்டே, தழும்புக்கு மூன்று விரல் கீழே, எறும்பு ஊர்வதுபோல ஏதோ.

"அங்க."

"அங்கயா," என்றார் நெவில். "இருபது தடவை குத்திட்டேன்பா நான்."

கண்ணைத் திறந்தான். மணிக்கட்டிலிருந்து மேலே வரை சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அவ்வளவு நீளம் என்று அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை கத்தியை எடுக்காதே, நேராக ஆபீசுக்கு வா என்றார் நெவில். டாக்டர் பார்க்கட்டும். விசா விஷயத்தில் தன்னால் பேச முடிந்ததைப் பேசுவதாகவும், வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். குரலில் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று சாமியுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஷோனா டம்ளரைக் கீழே வைத்தாள். இதுவரை அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"நாலு தடவை தட்டுனேன். நாலாவது தட்டும்போது, இவன் விடமாட்டான்னு நெனைச்சேன்."

அவன் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து போகவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் டோக்கிலுபே நின்றிருந்தாள். வழக்கமாக அவன் முழுதாக வெளியே போகும்வரை உள்ளேயே இருப்பாள். இப்போது அவன் முகத்தைப் பார்க்காமல், வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் தொட்டதை வீட்ல நானே சொல்லிக்கிறேன், அப்பாகிட்ட. கையைப் பத்தி நீ சொல்லு, லேசியெலிகிட்ட. இன்னிக்கே."

"சரிக்கா," என்றான்.

கார் ஹாலுக்கு எதிரில் நின்றிருந்தது, கண்ணாடியில் படிந்த பனி இன்னும் முழுதாக உருகவில்லை. பின்னால் பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தார்கள். லேசியெலி முன் சீட்டிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஏறு, அடுப்பில் கறி வைத்துவிட்டு வந்தேன் என்றாள். அவன் கதவைத் திறந்தான், ஏறவில்லை. ஏறினால் பேச முடியாது என்று தோன்றியது.

"எஞ்சினை நிறுத்து," என்றான். "நவம்பர்ல கத்தி பட்டுதுல்ல, அதுல ஒண்ணு நான் உன்கிட்ட சொல்லல."