துடைக்கும் பொத்தான்

சம்மட்டியும் பஞ்சும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் நம்பமாட்டார்கள். மூத்தவன் சரக்குக் கிடங்கின் லாரி முற்றத்துக்கு மேற்பார்வையாளன். வாய் திறப்பதற்கு முன் கை போகும். இளையவன் அதே முற்றத்தில் எடைமேடைக் குமாஸ்தா. கை போவது இருக்கட்டும், வாயே திறக்காது. பட்டப்பெயர்களை லாரிக்காரர்கள் வைத்தார்கள், தெரு வழிமொழிந்தது.

இரண்டு வீட்டுக்காரிகளும் அதே கிடங்கின் மாடி அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தார்கள். வீட்டிலும் ஓரகத்திகள், வேலையிலும் ஓரகத்திகள். ஒரே அடுப்பு, ஒரே டிபன் கேரியர், ஒரே மின்விசிறி. பெரியவள் டேட்டாபேஸ் பொறுப்பாளர். எந்த லாரிக்கு எந்தச் சரக்கு, எந்தக் கதவு என்பதெல்லாம் அவள் கையில். சின்னவள், அந்த டேட்டாபேஸில் வேலை செய்ய எல்லோரும் திறந்துவைத்திருக்கும் மென்பொருள் கருவிக்கு எக்ஸ்டென்ஷன், அதாவது ஒட்டு நிரல், எழுதுகிறவள். எக்ஸ்டென்ஷன் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை, மருமகள்தான். இருக்கிற வீட்டுக்குள் புதிதாக வருகிறது. அந்த வீட்டு உப்பையும் அடுப்பையும் வைத்தே சமைக்க வேண்டும். ஆனால் ஒருமுறை உள்ளே விட்டுவிட்டால் எல்லா அறைச் சாவியும் அதன் இடுப்பில். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நிறுவுவதற்கு முன் நான்கு பேரை விசாரிப்பார்கள். பெண் கொடுக்கிறவர்கள்தான் விசாரிப்பதில்லை.

விசாரித்திருந்தால் தெருவே சொல்லியிருக்கும். பெரியவள் அடிக்கடி குளியலறையில் வழுக்கி விழுகிறவள். ஒருதரம் கன்னத்தில் விழுந்தாள், ஒருதரம் விலாவில் விழுந்தாள். அந்த வீட்டுக் குளியலறைபோல ஆள் பார்த்து வழுக்கும் குளியலறை உலகத்தில் இல்லை. சின்னவளுக்கு அது வழுக்கியதில்லை. "தம்பி பொண்டாட்டி மேல கை வைக்கிற பழக்கம் நம்ம வம்சத்துலயே கிடையாது" என்று சம்மட்டி டீக்கடையில் நெஞ்சைத் தட்டிச் சொல்வான். பெரிய மனிதன்!

சின்னவளுக்கு ஒரே ஆசைதான், தனிக்குடித்தனம். சுவருக்கு அந்தப்பக்கம் 'தொம்' என்று சத்தம் கேட்டு இந்தப்பக்கம் புருஷன் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். வழியும் வந்தது. அவள் எழுதிய எக்ஸ்டென்ஷன் தலைமை அலுவலகத்துக்குப் பிடித்திருந்தது. சோதனை டேட்டாபேஸில் பொய் லாரிகளையும் பொய்ச் சரக்குகளையும் அது தானே நிரப்பும். வேலை முடிந்ததும் 'துடை' என்ற பொத்தானை அமுக்கினால் மொத்தத்தையும் வழித்து எடுத்துவிடும். அன்று மாலை எல்லாக் கணினிகளிலும் அதை நிறுவிக் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் அவளுக்கு நகரத்தின் மறுகோடியில் வேலை, பஞ்சுவுக்கும் அங்கேயே ஒரு எடைமேடை, இருவருக்கும் கம்பெனி வீடு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். எக்ஸ்டென்ஷனைச் சோதிக்கும்போது கருவி தன்னைப்போலவே இன்னொரு விண்டோவைத் திறக்கும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. முதல் விண்டோ கடைசியாக எந்த டேட்டாபேஸோடு இணைந்திருந்ததோ, அதையே இரண்டாவதும் பிடித்துக்கொள்ளும். சின்னவளுடைய கணினியில் எப்போதும் சோதனை டேட்டாபேஸ் மட்டும்தான் இருக்கும். அதனால் அவள் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரி சொந்தத் தெருவில் நடக்கும்போது பெயர்ப்பலகையைப் படிப்பாளா?

பொத்தானை அமுக்கினாள்.

அவளுடைய பொய் லாரிகள் கைப்பிடி அளவுதான். திரையில் 'துடைக்கப்பட்டவை' என்று வந்த எண்ணோ நீளமாக, ஒரு முழ நீளத்துக்கு நின்றது.  சின்னவள் திரையின் மேல் ஓரத்தில் டேட்டாபேஸ் பெயரைப் பார்த்தாள். சோதனை இல்லை, லைவ். நிஜ லாரிகள், நிஜச் சரக்குகள்.

"அக்கா," என்றாள். "என் சிஸ்டத்துல லைவை யாரு திறந்தா?"

பெரியவள் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். "என் சிஸ்டம் தூங்கி வழிஞ்சுது. ஒரு டிரைவர் வந்து நச்சரிச்சான். உன்னதுல ஒரு நிமிஷம் பாத்தேன். ஏன்?"

"பாத்தவங்க மூடலையா?"

"ஏன்னு கேட்டேன்டி."

கீழே முற்றத்திலிருந்து பதில் வந்தது. முதலில் ஒரு ஹாரன். பிறகு எல்லா ஹாரனும். வாசல் கேட்டின் திரையில் ஒரு லாரியின் பெயரும் இல்லை. எடைமேடையில் வெறும் பூஜ்யம். ஷட்டர் கதவுகள் பூட்டியது பூட்டியபடி. நேற்றிலிருந்து வெயிலில் காய்ந்த லாரிக்காரர்கள் வரிசை கலைந்து இறங்கினார்கள். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. காவலாளி ஒருவன் அலறினான்.

"காலையில எடுத்த பேக்கப் காப்பி இருக்குல்ல? திருப்பிப் போடுங்க அக்கா. உங்க பாஸ்வேர்டு போடுங்க, சீக்கிரம்!"

பெரியவள் நகரவில்லை. அவள் கண் போன இடம் கணினி இல்லை, மாடிப்படி. படியில் வரப்போகிற காலடி யாருடையது என்று அவள் உடம்புக்கே தெரியும். "நீதான் துடைச்ச," என்றாள். "உன் பொத்தான். நீயே துடைச்ச. நான் திறந்தேன்னு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு..."

"நீங்கதானே திறந்தீங்க!"

அவ்வளவுதான். பெரியவள் அவள் கொண்டையைப் பிடித்துவிட்டாள். இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் சேர்த்துவைத்ததெல்லாம் அந்தக் கையில் இருந்தது. சின்னவளின் முகம் மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. அவள் கைக்குக் கிடைத்த விசைப்பலகையை எடுத்து ஓரகத்தியின் காதோடு விளாசினாள். எழுத்துக் கட்டைகள் பல் உதிர்ந்ததுபோல் தரையில் சிதறின. பெரியவள் அவள் தோளைக் கடித்தாள், சும்மா இல்லை, ரத்தம் வரும்வரை. திரை ஒன்று சரிந்து விழுந்து வெடித்தது. கம்பெனி அடையாள அட்டைகள் கழுத்தில் ஆட, இரண்டு படித்த பெண்கள் கோழிச் சண்டைபோல் உருண்டார்கள். பார்க்க ஆள் இல்லாமல் போனது தெருவுக்கு நஷ்டம்தான் என்று பிறகு பேசிக்கொண்டோம். முழுக்கதை தெரிந்தபிறகு அப்படிப் பேசவில்லை.

கதவு உதைபட்டுத் திறந்தது.

சம்மட்டி உள்ளே வந்தான். ஒரு கையில் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி. இன்னொரு கையில் தம்பியின் சட்டைக் காலர். அவன் முதுகுக்குப் பின்னால் லாரிக்காரர்கள் படி நிறைய நின்றார்கள், சிலர் கையில் கம்பி. சம்மட்டியின் நெற்றியிலேயே ரத்தம். யாரோ கல் எறிந்திருக்கிறார்கள்.

"யாரு வேலை இது?"

பெண்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். பெரியவள் முந்திக்கொண்டாள். "அவதாங்க பொத்தானை அமுக்கிட்டா. அவ எழுதின எக்ஸ்டென்ஷன்."

சம்மட்டி தம்பி பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தான். கொக்கியைப் பிடித்த கை உயர்ந்தது, பாதியில் நின்றது. வம்சப் பெருமை ஞாபகம் வந்துவிட்டது. கொக்கியைக் கீழே போட்டான். திரும்பி, தம்பியின் வாயில் முஷ்டியால் ஒன்று விட்டான்.

"பொண்டாட்டியை அடக்கத் தெரியாத நாயே!"

பஞ்சு சுவரில் மோதிச் சரிந்தான். என்ன ஏது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. கீழே எடை போட்டுக்கொண்டிருந்தவன். சம்மட்டி அவனைத் தூக்கி நிறுத்தி மறுபடி அடித்தான். ஒரு பல் தெறித்து நாற்காலிக்கு அடியில் போனது. முழங்காலால் வயிற்றில் ஒன்று. பஞ்சு வாயைத் திறந்தான், அப்போதும் பேச்சு வரவில்லை, ரத்தம்தான் வந்தது.

"மாமா, விடுங்க! காப்பி இருக்கு, திருப்பிப் போட்டுடலாம்!" என்று சின்னவள் கத்தினாள். யார் காதில் விழும்? தம்பியின் தலை சுவரில் மோதுகிற சத்தம் அவள் சுவருக்கு இந்தப்பக்கமிருந்து கேட்டுப் பழகிய அதே 'தொம்'.

அவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் அவளைப் பார்த்தாள். பெரியவளின் உதடு அசையவில்லை. தலை மட்டும், வேண்டாம் என்பதுபோல், கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம் ஆடியது. வாயால் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று சின்னவளுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லாவிட்டால் புருஷன் செத்துப்போவான், வேலை போகும், வீடு போகும், ஆயுசுக்கும் அதே சுவர்.

"லைவைத் திறந்து வச்சது அக்கா," என்றாள். "என் சிஸ்டத்துல. நான் சாப்பிடப் போனப்ப."

சம்மட்டியின் கை நின்றது. தம்பியை விட்டான். பஞ்சு கீழே மூட்டைபோல் விழுந்தான். சம்மட்டி திரும்பிய விதத்தில் ஒரு நிம்மதிகூட இருந்ததாக லாரிக்காரர் ஒருவர் பிறகு சொன்னார். இவளை அடிக்க அவனுக்கு எந்தத் தடையும் இல்லையே.

பெரியவள் ஓடவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அவளுடைய வலது கையைப் பிடித்து இழுத்தான், மேசை விளிம்பில் வைத்து, தன் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினான். ஈர விறகு முறிவதுபோல் ஒரு சத்தம். பெரியவள் கத்தவே இல்லை. கம்பியோடு வந்தவர்கள் ஒரு படி பின்வாங்கினார்கள்.

"போதும்யா," என்றார் அவர்களில் நரைத்த ஒருவர். "எங்க லோடுதானே போச்சு. விடுய்யா."

விட்டான். மூச்சு வாங்க நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் சரி பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே போனான். முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

பெரியவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வலது கை மடியில் வேறு யாருடையதோபோல் கிடந்தது. இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, பாஸ்வேர்டைப் போட்டாள். எழுத்துக் கட்டை இல்லாத இடங்களில் சின்னவள் விரலால் காட்டினாள். "இது," என்றாள். "ம்," என்றாள் பெரியவள். காலையில் எடுத்த பேக்கப் உட்கார்ந்தது. கேட்டின் திரையில் பெயர்கள் வந்தன, கதவுகள் ஏறின, ஹாரன்கள் ஓய்ந்தன. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கேயும் குளியலறை என்றே எழுதிக்கொண்டார்கள்.

சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, மாலை நிறுவ வேண்டுமே. கிழிந்த உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு எக்ஸ்டென்ஷனில் ஒரு திருத்தம் எழுதினாள். இணைந்திருப்பது சோதனை டேட்டாபேஸாக இல்லாவிட்டால் 'துடை' பொத்தான் வெளுத்துப்போய் நிற்கும், அமுக்கினாலும் அமுங்காது. கணினி கணினியாகப் போய் நிறுவி, கருவியை மூடித் திறந்து காட்டினாள். தலைமை அலுவலகத்துக்காரர் தூரத்திலிருந்து திரையில் பார்த்துவிட்டு, "இந்த முன்ஜாக்கிரதைதான் எனக்குப் பிடிச்சது," என்றார். "எல்லாருக்கும் இது தோணாது."

வீட்டுக்குப் போகும் வழியில் பஞ்சு பேசினான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் தானாக ஆரம்பித்த முதல் பேச்சு என்றுகூடச் சொல்லலாம்.

"முதல் அடிக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான், பல் போன வாயால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு. தெருமுனை வரும்வரை விடவில்லை.

சாமான் ஏற்றுகிற அன்று தெருவே வாசலில் நின்றது. சும்மா காற்று வாங்க என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவள் மாவுக்கட்டுப் போட்ட கையோடு இறங்கி வந்து, இடது கையால் ஒரு குடத்தை நீட்டினாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"வலிக்குதாக்கா?" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்து.

"எனக்குப் பழகிடுச்சு." குடத்தை வாங்கச் சின்னவள் நீட்டிய கையில் வளையல் மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டில் விரல் பதிந்த நீலம். பெரியவள் அதைப் பார்த்தாள், எரிச்சலும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "உனக்குத்தான் புதுசு," என்றாள்.

லாரி கிளம்பத் தயாரானது. பஞ்சு முன்சீட்டில் ஏறி, பக்கத்து இடத்தைத் தட்டி அழைத்தான். சின்னவள் குடத்தை அணைத்துக்கொண்டு பின்னால் போய், கவிழ்த்துப்போட்ட கட்டிலின் கால்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.